உசுரோட போன கன்னுக்குத் தோல் ஏது?

தம்பிகளா, மொதல்லயே ஒண்ணு சொல்லிர்றேன். தொழிலுக்குப் புதுசா வந்த உங்களுக்கு நான் நாலு வார்த்தை சொல்லணும்னு சங்கத்துல கேட்டாக. எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. நான் பள்ளிக்கூடம் போனதே வாத்தியார் வீட்டு மாட்டுக்குப் புல்லு போடத்தான். மாட்டு வாயைத் தொறந்து பல்லைப் பாத்தா வயசு சொல்லிருவேன். பஸ்ஸு போர்டைப் பாத்தா அது திருமங்கலம் போகுதா திருப்பரங்குன்றம் போகுதான்னு இன்னைக்கும் பக்கத்து ஆளைத்தான் கேக்கணும். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுறது எம் மக. கெட்ட வார்த்தை வர்ற எடத்துல பேனாவை மூடி வச்சிட்டு மோட்டுவளையைப் பாத்துக்கிட்டு உக்காந்துருவா. அதனால எங்கயாவது பேச்சு அந்து போன மாதிரி இருந்தா, அங்குன ஒண்ணு இருந்துச்சுன்னு நீங்களே போட்டுக்கங்க.

நீங்க கேட்டது என்ன? மாட்டுக்கறித் தொழில் நம்ம சீமையில லாபமாவும் ஓடணும், நம்ம காலத்துக்கு அப்புறமும் நிக்கணும், அதுக்கு எப்படித் திட்டம் போடுறதுன்னு. இம்புட்டுப் பெரிய கேள்விக்கு எங்கிட்ட ஒரே ஒரு கதைதான் இருக்கு. அதுலயும் பாதி நேரம் நான் பஸ்ஸுல உக்காந்திருப்பேன்.

எழுபதுகளோட கடைசின்னு வச்சுக்கங்க. நான் மாட்டுத் தரகன். மேக்க உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் வெள்ளாமை பாக்குற சம்சாரிக வீடு வீடாப் போயி, ஏருக்கு ஆகாத மாடு, வத்திப்போன மாடு எல்லாம் பேசி முடிச்சு செல்லூர்ல எங்க பாய்க்குக் கொண்டாந்து குடுக்குறது என் சோலி. பாய்க்கும் எனக்கும் ஒரே வயசு. அவரு கடை வச்சிருந்தாரு, நான் வாய் வச்சிருந்தேன். தறி நெய்யிற சனம், மில்லுக்குப் போற சனம், ஆட்டுக்கறி வாங்க வழியில்லாத வீடுகன்னு ஞாயித்துக்கெழமை ஆனா பாய் கடையில கூட்டம் நெரியும்.

அந்த வருசங்கள்ல மாடு கொறைய ஆரம்பிச்சுச்சு. அதுக்கு முந்தி கெணத்துக்குக் கெணறு கமலை ஓடும். அதான், ரெண்டு மாட்டைக் கட்டிப் பள்ளத்துல எறங்க விட்டுத் தண்ணி எறைக்கிறது. கரண்டு மோட்டாரு வந்துச்சு. கமலை போச்சு, கமலை மாடும் போச்சு. நாலு சோடி கட்டியிருந்த வீட்டுல ஒரு சோடிதான் நின்னுச்சு. இருக்கிற கெழட்டு மாட்டையும் மலைக்கு அங்கிட்டு இருந்து வர்ற யாவாரிக லாரி லாரியா ஏத்திக்கிட்டுப் போனாக. பாய் எங்கிட்ட, "மாப்ள, இன்னும் பத்து வருசத்துல நான் கத்தியைத் தீட்டித் தேங்காதான் உடைக்கணும்"னாரு. அவரு லேசுல அப்படிப் பேசுற ஆளு இல்ல.

அந்த நேரத்துலதான் மாட்டு டாக்டரு ஒருத்தரு எங்க ஆளுகளை எல்லாம் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டாரு. நல்ல மனுசன். சின்ன வயசு. எங்களை எல்லாம் நாற்காலியில உக்கார வச்சுப் பேசுன மொத அதிகாரி அவருதான். அவரு சொன்னாரு:

"மாடு இல்ல, மாடு இல்லன்னு சொல்றீங்க. இந்த டவுனுக்குள்ள எருமை வச்சிருக்கிற வீடு எத்தனை? பொட்டைக் கன்னு பொறந்தா நாளைக்குக் கறக்கும்னு வளக்குறாங்க. கிடாக்கன்னு பொறந்தா பால் விடுறதில்ல. அது பட்டினியிலயே செத்துப்போகுது. அதை எடுத்து ஒண்ணரை, ரெண்டு வருசம் வளத்துப் பாருங்க. உங்க கடைக்கு வேண்டிய கறி உங்க தெருவிலயே சாகுது."

எனக்குக் கம்முனு இருந்தா ஆகாதுல்ல? பின்னாடி இருந்து குரல் குடுத்தேன்.

"சார், கன்னுக்குப் பாலு நீங்க குடுப்பீகளா?"

மண்டபமே சிரிச்சுச்சு. டாக்டரும் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே, "நான் குடுத்தா கன்னு குடிக்காது. நீங்க முன்னாடி வாங்க. உங்களைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்"னாரு.

அம்புட்டுத்தான். காகிதம், அனுமதி எல்லாம் டாக்டரு பாடு. கன்னு பிடிக்கிறது என் பாடு. கொட்டகை பாய் பாடு, அவரு மச்சானுக்குக் கப்பலூர்ப் பக்கம் ஒரு காலிக் கொட்டகை இருந்துச்சு. மாட்டுக்குப் போடுற மூக்கணாங்கயித்தை எங்க ஆத்தா எனக்கு வாயிலயே போட்டு விட்டிருந்தா நான் நல்லா இருந்திருப்பேன்.

கன்னு பிடிக்கக் கெளம்புனேன். நான் ஏதோ கெஞ்சணும், பேரம் பேசணும்னு நெனச்சுப் போனா, செல்லூர்ல சந்து சந்தா என்னையக் கையெடுத்துக் கும்பிட்டாக. "எடுத்துட்டுப் போ மகராசா, அது சாகுறதை எங்க கண்ணால பாக்க வேணாம்"னு கன்னைத் தூக்கித் தூக்கிக் கையில குடுத்தாக. பாவம் பிடிக்குதுன்னு பயந்த சனம்தான் அது. கன்னுக்கு விட்டா வீட்டுக்கு இல்ல, வீட்டுக்கு எடுத்தா கன்னுக்கு இல்ல. யாரைக் குத்தம் சொல்றது?

அதுல ராக்கு அக்கான்னு ஒருத்தி. புருசன் தறிக்காரரு, நெஞ்சுல சளி கட்டித் தறியில உக்கார முடியாமக் கெடந்தாரு. ஒத்த எருமையை வச்சு அந்த வீட்டை ஓட்டுனா. அவ மாட்டுக் கொட்டத்துல கூரையில ஒரு வைக்கோல் கன்னு தொங்குச்சு. டவுன்ல பொறந்த உங்கள்ல சில பேருக்குத் தெரியாது, சொல்லிர்றேன். கன்னு செத்துப் போச்சுன்னா தாய் எருமை பால் எறக்காது. அதனால செத்த கன்னோட தோலை உரிச்சு, உள்ள வைக்கோலை அடைச்சு, நாலு குச்சிக் காலு வச்சு, கறக்கையில முன்னாடி நிப்பாட்டுவாக. எருமை அதை நக்கிக்கிட்டே பால் விட்டுரும். இவ கொட்டத்துல தொங்குனது போன ஈத்துல, அதான் எருமை போன தடவை ஈண்டப்ப, பொறந்து செத்த கன்னு.

"இந்த ஈத்துலயாச்சும் அந்தக் கருமத்தை அடைக்காம இருக்கேன். கொண்டுட்டுப் போ தரகரே"ன்னு கன்னைத் தூக்கிக் குடுத்தா. ஒடம்புல ஒண்ணுமே இல்ல, எலும்பும் கண்ணும்தான்.

ஒரு டெம்போ நெறையக் கன்னு. நான் மேல உக்காந்துக்கிட்டு எதுக்க வர்றவனுக்கெல்லாம் கையாட்டிக்கிட்டுப் போனேன். எலெக்சன்ல செயிச்சவன் கூட அப்படிப் போயிருக்க மாட்டான்.

மறுநா விடிஞ்சும் விடியாம பாய் கடை முன்னாடி கூட்டம். கறி வாங்க வந்த கூட்டம்னு நெனச்சு நான் குசாலா போனேன். அம்புட்டுப் பேரு கையிலயும் காலிச் செம்பு. முன்னாடி ராக்கு அக்கா.

"எங்கய்யா எங் கன்னு?"

"நீதானக்கா குடுத்த?"

"குடுத்தேன். நேத்துச் சாயங்காலம் எருமை பால் எறக்கல. மடியைத் தொட்டா ஒதைக்குது. விடியக்காலையிலயும் எறக்கல. வாசலைப் பாத்துக் கத்திக்கிட்டே நிக்குது. மடி கல்லு மாதிரி கட்டிக்கிருச்சு. இன்னைக்குச் சாயங்காலமும் எறக்கலைன்னா இந்த ஈத்துக்குப் பாலே வத்திப் போயிரும். எங்க வீட்டுல என்னத்தைக் காய்ச்சுறது, உன் தலையையா?"

பின்னால இருந்து இன்னொருத்தரு, "தெருவுல ஒரு டீக்கடையிலயும் பால் இல்ல. அம்புட்டுப் பேரும் கடுங்காப்பியைக் குடிச்சுட்டு உன்னையத்தான் தேடுறாக"ன்னாரு.

எனக்கு அப்பதான் மண்டையில ஏறுச்சு. வருசா வருசம் கிடாக்கன்னு சாகும், தோலை உரிப்பாக, வைக்கோலை அடைப்பாக, பால் வரும். அந்த ஓட்டத்துல கன்னு சாகுறதும் ஒரு வேலை. நான் கன்னை உசுரோட தூக்கிட்டுப் போயிட்டேன். உசுரோட போன கன்னுக்குத் தோல் ஏது? இது டாக்டருக்கும் தெரியும், பாய்க்கும் தெரியும், எனக்கும் தெரியும், ராக்கு அக்காவுக்கும் தெரியும். ஆனா கன்னு ஒரு சோலி, பாலு ஒரு சோலின்னு தனித்தனியாத் தெரியும். ரெண்டையும் சேத்து யோசிச்ச ஒரே ஆளு அந்த எருமைதான்.

"பழைய வைக்கோல் கன்னை வச்சுப் பாக்கலையாக்கா?"

"வச்சேன். மோந்து பாத்துட்டு, இந்தக் கன்னு வாசம் இல்லன்னு அதை முட்டித் தள்ளிருச்சு. நீ வேணா வந்து நில்லு, உன்னையவும் முட்டட்டும்."

பாய் கடையை இழுத்துப் பூட்டுனாரு. டெம்போவை எடுக்கச் சொன்னாரு. கன்னுகளைத் திருப்பிக் குடுத்துரலாம்னு கெளம்புனோம். ராக்கு அக்கா, "நீங்க எங் கன்னுன்னு வேற எதையாவது தலையில கட்டிருவீக. நானும் வாரேன்"னு முன்னாடி ஏறி உக்காந்துட்டா.

கப்பலூர் கொட்டகையில போயி எறங்குனா, எல்லாக் கன்னும் நின்னுச்சு. ஒண்ணு மட்டும் ஓரமாப் படுத்துக் கெடந்துச்சு. வயித்துக் கழிச்சல். தலையைத் தூக்க முடியல. ராக்கு அக்கா பக்கத்துல போயிக் குத்த வச்சு உக்காந்தா. காது ரெண்டையும் தடவுனா. அவ கன்னுதான்.

கன்னைப் பாத்துக்கிட்டே சொன்னா. "பாயி, இது பொழைக்காது. நான் இதை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயி, அது எப்ப சாகும்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்க எனக்கு நேரமில்ல. சாயங்காலப் பாலுக்குள்ள ஏதாச்சும் ஆகணும். உங்ககிட்ட கத்தி இருக்கு. அறுத்துத் தோலைக் குடுங்க. வைக்கோலை நான் அடைச்சுக்கிறேன்."

சொல்லிட்டு மொகத்தைத் திருப்பிக்கிட்டா. கல்நெஞ்சுக்காரின்னு நெனச்சிராதீக. வீட்டுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இருமுற மனுசனைப் பாத்துட்டு வந்தவ.

பாய் என்னையப் பாத்தாரு. "பால்குடி மறக்காத கன்னு மேல நான் கத்தி வச்சதில்ல, மாப்ள. ஆனா இந்தம்மா கேக்குறதுல தப்பும் இல்ல. அங்க கடை வாசல்ல அம்புட்டுப் பேரு நிக்கிறாக. நாளைக்கு அந்தத் தெருவுலதான் நான் கடையைத் தொறக்கணும். நீ சொல்லு, செய்யிறேன்."

தம்பிகளா, இந்த எடத்தைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அறுக்கிறது நம்ம தொழிலு. ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும். அந்தம்மாவுக்குப் பால் கெடைக்கும், பாய்க்குத் தெரு கெடைக்கும், எனக்கு ஒதை கெடைக்காது. எல்லாரும் நல்லவங்களாவே வீட்டுக்குப் போகலாம். அப்பவும் சரின்னு சொல்ல எனக்கு வாய் வரல. இரக்கம்னு மட்டும் சொன்னா எம் மகளே நம்ப மாட்டா, இப்பவே பேனாவை மூடப் பாக்குறா. எனக்கு உள்ளுக்குள்ள ஓடுனது வேற. இன்னைக்கு இந்தத் தோலைக் குடுத்தா, நாளையில இருந்து செல்லூர்ல எல்லாரும் என்ன நெனப்பாக? தரகன்கிட்டக் கன்னைக் குடுத்தா தோலா வரும்னு நெனப்பாக. அதுக்கு அவகளே வீட்டுல உரிச்சுக்கலாமே. அப்புறம் ஒரு கன்னும் உசுரோட எங்க கைக்கு வராது. பாய் பத்து வருசம் கழிச்சுத் தேங்கா உடைப்பாருன்னு சொன்னது, அன்னைக்கே ஆரம்பிச்சிரும்.

"அக்கா, சாயங்காலப் பால் நேரம் வரைக்கும் எனக்கு விடு. கன்னை உசுரோட உன் எருமை முன்னாடி கொண்டாந்து நிப்பாட்டுறேன். முடியலைன்னா..."

"முடியலைன்னா?"

"என் தோலை உரிச்சுக்க."

ராக்கு அக்கா என்னைய மேலயும் கீழயும் பாத்தா. "உன் தோலுல வைக்கோலை அடைச்சு வச்சா, எம் மாடு மிரண்டு வைகை ஆத்தைத் தாண்டி ஓடிரும். வேணாம்."

பாய் சிரிச்சுட்டாரு. அவளுக்கும் ஓரமா ஒரு சிரிப்பு வந்துச்சு. அதுதான் சம்மதம்னு எடுத்துக்கிட்டேன். மத்த கன்னுகளை டெம்போவுல ஏத்திக்கிட்டு அவளும் பாயும் செல்லூருக்குப் போனாக. படுத்த கன்னை அந்தக் கூட்டத்துல ஏத்துனா மிதி பட்டே செத்துரும்னு நான் அங்குனயே இருந்துட்டேன்.

டாக்டருக்குச் சொல்லி விட்டு, அவரு மோட்டார் சைக்கிள்ல வந்து சேர உச்சிப்பொழுது ஆயிருச்சு. ஊசி போட்டாரு, உப்புத் தண்ணி குடுத்தாரு. நடந்ததைச் சொன்னேன். தலையில கை வச்சுக்கிட்டு மண்ணுல உக்காந்துட்டாரு.

"தரகரே, நான் கன்னைத்தான் பாத்தேன். தாயைப் பாக்கல."

"நான் ரெண்டையும் பாக்கல சார். டெம்போ மேல உக்காந்து கையாட்டிக்கிட்டு இருந்தேன்."

கொஞ்ச நேரத்துல கன்னு தலையைத் தூக்குச்சு. டாக்டரு அது வாயில விரலை விட்டுப் பாத்தாரு. லேசாச் சப்புச்சு. "இதுக்கு மேல என் மருந்துல ஒண்ணும் இல்ல. தாய்ப்பால் போகணும். வெரசாப் போகணும்"னாரு. அவரு வண்டியில கன்னை வச்சுப் போக முடியாது, அங்கிட்டு ஒரு கிராமத்துல பசு கன்னு போட முடியாமக் கெடக்குன்னு வேற ஆளு வந்து நின்னான். நான் ரோட்டுக்கு வந்தேன். லாரிக்காரன் ஒருத்தனும் நிப்பாட்டல. பஸ்ஸு வந்துச்சு.

கன்னை என் வேட்டித் துணியில சுத்தி, காலை மடக்கி, நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஏறுனேன். உள்ள நான் பட்டாபட்டி டவுசரோட நிக்கிறேன். வெக்கம் எல்லாம் இல்ல. அன்னைக்கு எங்கிட்ட இருந்த மத்த துணிமணியை விட அது நல்லாத்தான் இருந்துச்சு.

கண்டக்டரு வந்தாரு. "என்னய்யா மடியில?"

"பிள்ளை அண்ணே."

"பிள்ளைக்கு வாலு தொங்குது."

"எங்க குடும்பத்துல கொஞ்சம் சேட்டை சாஸ்தி அண்ணே."

பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. கண்டக்டரு விசிலைக் கையில எடுத்தாரு. எறக்கி விட்டுருவாருன்னு நெனச்சேன். அப்பதான் எனக்கு மொத தடவையா லந்து, கிண்டல் ஒண்ணும் வரல. "அண்ணே, இது தாய்கிட்டப் போயிச் சேரலைன்னா ஒரு வீட்டுல ஒலை பொங்காது. எறக்கி விட்டா நடந்தாவது போவேன். அதுக்குள்ள செத்துரும்"னு சொன்னேன். அவரு கன்னோட கண்ணைப் பாத்தாரு. விசிலை ஊதல. முன் சீட்டுல உக்காந்திருந்தவரை எந்திரிக்கச் சொல்லி சன்னலோரமா எனக்கு எடம் குடுத்தாரு. "காத்து படட்டும். ஆனா பஸ்ஸுக்குள்ள ஏதாச்சும் பண்ணுச்சுன்னா நீதான் தொடைக்கணும்."

பண்ணுச்சு. பழங்காநத்தம் வர்றதுக்குள்ள என் மேலயேதான் பண்ணுச்சு. அதனால பஸ்ஸு தப்பிச்சுச்சு.

பஸ் ஸ்டாண்டுல எறங்குனா ரிச்சாக்காரங்க என்னையப் பாத்து மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத் தள்ளிப் போனாக. வெயிலு சாயுது. பால் நேரம். சிம்மக்கல் வழியா ஓடி, ஆத்துல எறங்கிட்டேன். தண்ணி எங்க இருந்துச்சு, மணல்தான். கன்னைச் சொமந்துக்கிட்டு மணல்ல ஓடுறது எப்படின்னா, ஒரு அடி முன்னாடி போனா அரை அடி பின்னாடி இழுக்கும். துணி தொவைக்கிற ஆளுக எல்லாம் நின்னு வேடிக்கை பாத்தாக. கன்னு அசையவே இல்ல. நடு ஆத்துல நின்னு அது மூக்குல கன்னத்தை வச்சுப் பாத்தேன். சூடா லேசா மூச்சு பட்டுச்சு. மறுபடி ஓடுனேன்.

அக்கரையில பாய் நின்னுக்கிட்டு இருந்தாரு. மத்த கன்னுகளைக் கொண்டு போயி எறக்குன கதையை அவரு பின்னாடிதான் சொன்னாரு. அம்புட்டும் ஒரே கறுப்பு, எது யாரு கன்னுன்னு எவருக்கும் தெரியல. தெருவுல மொத்தமா அவுத்து விட்டுருக்காரு. எருமைக குரல் குடுக்க, கன்னுக அததுக்குத் தெரிஞ்ச குரலைப் பாத்துப் போயிருச்சாம். கடைசியில ஒரு எருமை மட்டும் கத்திக்கிட்டே நின்னுச்சாம். ராக்கு அக்கா எருமை.

கொட்டத்து வாசல்ல நான் நுழைஞ்சதும் அந்த எருமை கத்துறதை நிப்பாட்டிருச்சு. நான் கன்னை அது மூஞ்சி முன்னாடி எறக்கி வச்சேன். அது நிக்கல, நான் தாங்கிப் பிடிச்சுக்கிட்டேன். எருமை மோந்துச்சு. நக்குச்சு. கன்னை நக்குச்சு, என் கையை நக்குச்சு, என் டவுசரை நக்குச்சு. கன்னோட வாசம் அம்புட்டும் என் மேலதான இருந்துச்சு. சொரசொரன்னு நாக்கு, தோல் உரிஞ்சு போற மாதிரி. ராக்கு அக்கா மடிக்கு அடியில உக்காந்தா. காம்பைத் தொட்டா. ஒதைக்கல. ஒரு இழு. வரல. இன்னொரு இழு. மூணாவதா செம்புல சர்ருன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டு உள்ள கட்டில்ல இருந்த அவ புருசன் இருமிக்கிட்டே, "எறங்கிருச்சா?"ன்னாரு.

"எறங்கிருச்சு"ன்னு சொல்லிட்டு அவ ஒரு காம்பைக் கன்னு வாயில வச்சா.

செம்பு நெறஞ்சுச்சு. நான் கேட்டேன், "அக்கா, இந்த ஒரு காம்பை இதுக்கு விட்டா என்ன?"

"விடலாம். அப்புறம் எங்களுக்கு?"

எனக்கு அங்குனதான் ஒண்ணு தோணுச்சு. புதுசு ஒண்ணும் இல்ல, எங்க பக்கம் கிராமத்துல எல்லாரும் செய்யிறதுதான். வாரத்துக்கு விடுறது. ஆட்டையோ மாட்டையோ ஒருத்தருக்கு வளக்கக் குடுத்து, வர்றதுல பாதிப் பாதி. "கன்னை நான் தூக்கிட்டுப் போகல. இங்கயே இருக்கட்டும். புல்லு கடிக்கிற வரைக்கும் ஒரு காம்பு விடு. அப்புறம் நான் கொண்டு போயிக் கண்மாய்ப் பக்கம் மேய விடுறேன். வளந்து வித்தா உனக்குப் பாதி, எங்களுக்குப் பாதி."

"செத்துப் போச்சுன்னா?"

"செத்தா தோலு உனக்கு."

"வளக்கிறேன். ஆனா என் எருமைக்குப் பருத்திக்கொட்டை நீங்க குடுங்க. ஒரு காம்பு போன பாலை மத்த மூணுல எடுத்துக்கிறேன்."

பாய் என் காதுல, "மாப்ள, இந்தம்மாவைக் கூட்டத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்கணும்"னாரு. மறுநா டாக்டருகிட்டப் போயிச் சொன்னோம். அந்த மனுசனுக்குக் கோவமே வரல. எந்த மாசத்துல புல்லு காட்டணும், பூச்சி மருந்து எப்பன்னு வீடு வீடா அவரே வந்து சொல்லிக் குடுத்தாரு. கப்பலூர்க் கொட்டகையில பருத்திக்கொட்டை மூடையை அடுக்குனோம். செல்லூர், அவனியாபுரம்னு கன்னு அததோட தாய்கிட்டயே நின்னுச்சு. மேக்க கண்மாய்ப் பக்கத்துச் சம்சாரிக கொஞ்சப் பேரு மேச்சலுக்கு வாங்கிக்கிட்டாக. சில பேரு, "வெட்டுக்குன்னா வேணாம்ப்பா, மனசு கேக்காது"ன்னாக. சரின்னு அவகளைக் கட்டாயப்படுத்தல. நல்லாவே ஓடுச்சுன்னு பீத்திக்க மாட்டேன். பருத்திக்கொட்டையை வாங்கி எருமைக்குப் போடாம வித்தவுக உண்டு. மழை பேஞ்சு கழிச்சல்ல கன்னு போனதும் உண்டு. ஆனா செத்துத் தூக்கிப் போட்ட கன்னு வருசத்துக்கு வருசம் கொறைஞ்சுச்சு, பாய் கடைக்கு மாடு வந்துச்சு. தேங்கா உடைக்கல.

ராக்கு அக்கா கன்னு பெரிய கிடாவா வந்துச்சு. அதை வெட்டுக்காகக் கடைக்குப் பிடிச்சுக்கிட்டு வந்த அன்னைக்கு அவளை வரச் சொல்லியிருந்தோம். அழுதுருவாளோன்னு நான் பயந்தேன். வந்தா. கிட்டப் போயி ரெண்டு காதையும் தடவுனா. காலைக் குனிஞ்சு பாத்தா. "நல்லா ஊண்டி நிக்கிறான்ல"ன்னா. அம்புட்டுத்தான். பாய் அவளை அங்கிட்டுக் கூட்டிட்டுப் போயி டீ வாங்கிக் குடுத்து, அவ பங்கைக் கையில குடுத்து அனுப்புனாரு. அந்தப் பக்கம் திரும்பிப் பாக்க விடல.

போறப்ப எங்கிட்ட நின்னு, "இந்த ஈத்தும் கிடாதான். வந்து பாரு. பஸ்ஸுல மட்டும் ஏத்திராத"ன்னா.

போனேன். புதுக் கன்னு படுத்து அசை போடுற மாதிரி வாயை ஆட்டிக்கிட்டு இருந்துச்சு, சும்மா பாவ்லாதான், பால்குடிக்கு என்ன அசை? அது அடியில மெத்து மெத்துன்னு வைக்கோல். மேல பாத்தேன். கூரைக் கொக்கி காலி.

"எங்க போச்சுக்கா அது?"

"பிரிச்சுட்டேன். தரை ஈரமா இருந்துச்சு, வைக்கோலைக் கன்னுக்கு அடியில பரப்பிட்டேன்."

"தோலு?"

"அதைச் செவுத்துல மாட்டி வச்சிருக்கேன். நீயும் பாயும் என்னைய ஏமாத்துனா, செருப்பு தச்சு அதாலதான் உன்னைய அடிக்கணும்னு."

அதுக்கப்புறம் அவ வீட்டுல எத்தனையோ கிடாக்கன்னு வளந்துச்சு. நான் போறப்ப எல்லாம் மொதல்ல அவ காலைப் பாப்பேன், அப்புறம் செவுத்தைப் பாப்பேன். தோலு அங்குனயேதான் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. செருப்பு ஆகல. எங்க திட்டம் ஒழுங்கா ஓடுதான்னு நான் தெரிஞ்சுக்கிட்டது அதை வச்சுத்தான். நீங்க லாரி, ஐஸ் பெட்டி, ஏற்றுமதின்னு பெருசாப் போடுங்க, சந்தோசம். ஆனா எந்த வீட்டுல இருந்து கன்னு வருதோ, அந்த வீட்டுல அப்படி ஒரு தோலோட ஒரு ஆளு உங்களையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அவளுக்குச் செருப்பு தைக்கிற வேலை வைக்காம இருங்க.